வீட்டுக் கடனுக்கு 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, பாளையங்கோட்டைக்கு வெளியே 20 லட்சம் கடன் வாங்கிக் கட்டிய வீடு. கடன் அண்ணன் பேரிலும் அப்பா பேரிலும் இருக்கு. 5 வருசம் ஒழுங்காக் கட்டினோம். அண்ணனுக்குச் சவூதியில் சம்பளம் நின்னுபோய் 5 தவணை பாக்கி. இப்போ 60 நாளில் 18 லட்சத்து 40 ஆயிரம் கட்டணும்னு வங்கியில் இருந்து நோட்டீஸ். முதல் தபாலை அப்பா பயந்துபோய் வாங்காமத் திருப்பி அனுப்பிட்டாங்க. வீடு போயிருமா? அரசாங்கத்தில் ஏதாவது உதவி இருக்கா?"

தம்பி, 60 நாள் நோட்டீஸ் வந்த மறுநாளே யாரும் வீட்டைப் பூட்டிவிட முடியாது. இதற்குப் பிறகு இன்னும் நான்கைந்து படிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் அந்தப் படியில் கிடைக்கக்கூடிய உதவி அதோடு போய்விடும். வங்கி வீட்டுக் கடனை அரசு தள்ளுபடி செய்யும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உதவி சட்டத்திலும் ரிசர்வ் வங்கி விதிகளிலும்தான் இருக்கிறது, அதுவும் கேட்டவருக்குத்தான் கிடைக்கும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் 'ஃபோர்குளோசர்' என்று தேடினால் அமெரிக்காவில் வீட்டைப் பறிக்கும் நடைமுறையும் அங்கே உள்ள உதவித் திட்டங்களும் வரும். அவை எதுவும் இங்கே செல்லாது. நம் ஊர் வங்கியில் 'ஃபோர்குளோசர்' என்றால் கடனை முன்கூட்டியே மொத்தமாக அடைத்து முடிப்பது. கிளையில் போய் ஃபோர்குளோசர் பற்றிப் பேச வேண்டும் என்றால் முடிப்புத் தொகைக் கணக்கை அச்செடுத்துத் தந்துவிடுவார்கள். உங்களுக்கு வந்திருப்பதன் பெயர் 'சர்ஃபேசி நோட்டீஸ்'. 2002ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி அடமானச் சொத்தை எடுத்து விற்க முடியும்.

இந்த நோட்டீஸ் எப்படி வந்தது என்று நாள் கணக்கில் பாருங்கள். ஏப்ரல் 5ஆம் தேதித் தவணைதான் முதலில் தவறியது என்று வைத்துக்கொள்வோம். மே 5இல் கணக்கு இரண்டாம் கட்ட எச்சரிக்கைக்கும், ஜூன் 4இல் மூன்றாம் கட்டத்துக்கும் போகும். 90 நாள் முடியும் ஜூலை 4இல் வாராக்கடன் ஆகிவிடும். வங்கியில் இதை என்பிஏ என்பார்கள். என்பிஏ ஆன பிறகுதான் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ், அதாவது உங்களுக்கு வந்திருக்கும் இந்த 60 நாள் நோட்டீஸ் விட முடியும்.

இதே நிலையில் இன்னும் 90 நாளைத் தொடாதவர்கள் படித்தால் அவர்களுக்கு ஒன்று. நாள் எண்ணிக்கை ஓடுவது எல்லாவற்றிலும் பழைய நிலுவைத் தவணையை வைத்துத்தான். ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் பாக்கி இருக்கையில் ஜூன் 30ஆம் தேதி ஒரே ஒரு தவணையைக் கட்டினால் ஏப்ரல் தீர்ந்து, எண்ணிக்கை மே 5இலிருந்து தொடங்கும். 86ஆம் நாளில் இருந்த கணக்கு 56ஆம் நாளுக்கு இறங்கிவிடும். கட்டும்போது தவணைத் தொகையைவிட ஆயிரம், இரண்டாயிரம் சேர்த்துக் கட்டுங்கள். தவணை திரும்பியதற்கான கட்டணத்தை வங்கியின் கணினி முதலில் எடுத்துக்கொண்டால் தவணையில் 300 ரூபாய் குறைந்துபோய், ஏப்ரல் தீராமலே நிற்கும். கட்டினோமே, எப்படி என்பிஏ ஆனது என்று கிளையில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த 300 ரூபாயால்தான்.

என்பிஏ ஆகிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. நிலுவையில் உள்ள அசல், வட்டி முழுவதும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு தவணை, அரைத் தவணை கட்டினால் வங்கி வாங்கிக்கொள்ளும், நோட்டீஸ் அப்படியே உயிரோடு இருக்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 20 லட்சம், 20 வருடம், 9 சதவீத வட்டி என்றால் தவணை சுமார் 17,995 ரூபாய். 5 வருடம் கட்டிய பிறகு அசல் பாக்கி சுமார் 17 லட்சத்து 74 ஆயிரம். ஐந்து மாத வட்டி 66 ஆயிரத்துச் சொச்சத்தைச் சேர்த்தால் நோட்டீஸில் உள்ள 18 லட்சத்து 40 ஆயிரம் வந்துவிடும். வீட்டில் எல்லாரும் பார்த்துப் பயப்படுவது இந்தத் தொகையைத்தான். ஆனால் நிலுவை என்பது ஐந்து தவணை, அதாவது சுமார் 90,000 ரூபாய், அதோடு அபராதக் கட்டணமும் நோட்டீஸ் செலவும். முழுத் தொகையைக் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. நடைமுறையில் நிலுவை முழுவதையும் செலவோடு கட்டினால் கணக்கை ஒழுங்குபடுத்தி, மேல் நடவடிக்கையை வங்கி நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். ஆகவே இந்த 60 நாளில் நீங்கள் திரட்ட வேண்டிய பணம் 90 ஆயிரம், ஒரு லட்சம் என்ற அளவில்தான் இருக்கிறது. மாதம் தள்ளத் தள்ள இது ஏறிக்கொண்டே போகும்.

தபாலைத் திருப்பியது தப்பு. அதனால் வங்கிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மறுத்துத் திருப்பினால் சட்டத்தின் பார்வையில் அது கொடுக்கப்பட்டதாகவே ஆகும். வாசல் கதவில் ஒட்டலாம், இரண்டு பத்திரிகைகளில் விளம்பரமும் கொடுக்கலாம். நஷ்டம் உங்களுக்குத்தான். 60 நாள் நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியிலிருந்தே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். கிளைக்குப் போய் நகல் வாங்கி, அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அப்பாவுக்கு வந்ததா, அண்ணனுக்கு வந்ததா, ஜாமீன் போட்டவர் யாராவது இருந்தால் அவருக்கு வந்ததா என்றும் பாருங்கள்.

அடுத்த வேலை பதில் எழுதுவது. மேலாளரிடம் போய் நேரில் பேசிவிட்டோம், பார்க்கிறேன் என்று சொன்னார் என்பதோடு நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். மேலாளர் மாற்றலாகிப் போய்விடுவார், அவர் சொன்னது எந்தக் கோப்பிலும் இருக்காது. சட்டத்தின் 13(3ஏ) பிரிவில் உங்களுக்கு ஆட்சேபணை எழுதும் உரிமை இருக்கிறது. எழுதினால் வங்கி அதைப் பரிசீலித்தாக வேண்டும். ஏற்கவில்லை என்றால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். பதில் தராமலே அடுத்த படிக்குப் போனால் பின்னால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் அது உங்களுக்கு ஒரு பிடி. பெரிய ஆங்கிலமெல்லாம் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"பெறுநர்: அதிகாரம் பெற்ற அலுவலர். பொருள்: கடன் கணக்கு எண் ..., தங்களின் ... தேதியிட்ட 13(2) அறிவிப்புக்கு 13(3ஏ) பிரிவின் கீழ் ஆட்சேபணை. 1) கடன் தொடங்கிய நாள் முதல் இன்று வரையான முழுக் கணக்கு அறிக்கை தேவை. 2) அபராதக் கட்டணம் ரூ. ... எந்தத் தேதிக்கு, எந்த அடிப்படையில் போடப்பட்டது என்று அறிவிப்பில் இல்லை, விவரம் தேவை. 3) ... தேதியில் கட்டிய ரூ. ... வரவில் இல்லை; ரசீது இணைத்துள்ளோம். 4) முதல் கடன்தாரரின் சம்பளம் ... மாதம் முதல் நின்றுள்ளது, சான்று இணைத்துள்ளோம். 5) நிலுவையை ..., ... தேதிகளில் கட்டி முடிக்கிறோம். இன்று ரூ. 30,000 கட்டியுள்ளோம், செலான் நகல் இணைப்பு. நிலுவை தீர்ந்ததும் அறிவிப்பைத் திரும்பப் பெற்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

மூன்றாவது இனம் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் எடுத்துவிடுங்கள். கடைசி வரிக்கு எடை சேர்ப்பது அந்தச் செலான்தான், வெறும் வாக்குறுதியைக் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். கடிதத்தை நோட்டீஸில் கையெழுத்திட்ட அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒரு நகலைக் கிளையில் கொடுத்துத் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நோட்டீஸில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் மண்டல அலுவலகத்தில் இருப்பார், கிளை மேலாளருக்கு அதை நிறுத்தும் அதிகாரம் இருக்காது.

அபராதத்தைப் பற்றி ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், 2024 முதல் வங்கிகள் அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டும்தான் போடலாம். அந்தக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கு மேல் வட்டி போடவும் கூடாது. கணக்கு அறிக்கையில் இதைத் தேடிப் பாருங்கள். பெரிய தொகை மிச்சமாகாது, ஆனால் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவர் என்று வங்கிக்குத் தெரிந்துவிட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அண்ணனின் சம்பளம் திரும்ப வரும் என்று நம்பிக்கை இருந்தால் தவணைக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேளுங்கள். 17 லட்சத்து 74 ஆயிரத்துக்கு மீதி 15 வருடத்தை 20 ஆக்கினால் தவணை சுமார் 15,960. 25 வருடம் ஆக்கினால் சுமார் 14,890. மாதம் 3,000 ரூபாய் குறையும், மொத்த வட்டி பல லட்சம் கூடும். கடன்தாரரின் ஓய்வு வயதைத் தாண்டி நீட்ட மாட்டார்கள், அதனால் அப்பா வயது இடிக்கும். இதை என்பிஏ ஆகும் முன்பே கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதும் அப்படித்தான், சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவில் என்பிஏ ஏறிய பிறகு எந்த வங்கியும் எடுக்காது. 2023 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்து பகுதி பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால் தனி நிவாரண விதிகள் உண்டு. அப்போதும் உடனே எழுதிக் கேட்டாக வேண்டும்.

அண்ணன் சவூதியில் இருப்பதால் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். நீங்கள் எவ்வளவு பேசினாலும் கடன்தாரர் நீங்கள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அண்ணன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உங்கள் பேருக்கோ அப்பா பேருக்கோ பவர் எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்பட்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிச் செல்லுபடியாக்க வேண்டும், விட்டுவிட்டால் வெறும் காகிதம்தான். பவரில் வங்கியோடு தீர்வு பேச, தீர்ப்பாயத்தில் வழக்குப் போட, சொத்தை விற்க என்று மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

நிலுவையைக் கட்டவும் வழியில்லை, வருமானமும் திரும்பாது என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டால், வங்கி ஏலம் விடும் முன் நீங்களே விற்பதுதான் நல்லது. இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடுத்த முறை ஆரம்ப விலையைக் குறைப்பார்கள். உள்ளே ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கவே பலர் தயங்குவார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்து மூலமான முன்சம்மதம் இல்லாமல் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டத்தில் இடமில்லை. ஆகவே முதலில் வங்கிக்கு எழுதுங்கள், முடிப்புத் தொகைக் கணக்கை வாங்குங்கள். வாங்குபவர் அந்தத் தொகையை டிடியாக நேரே கடன் கணக்குக்குக் கொடுக்கட்டும், மீதி உங்களுக்கு. வங்கி எம்ஓடி (பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான ஆவணம்) ரத்து ரசீதைப் பதிந்து மூலப் பத்திரத்தைக் கொடுத்ததும் கிரயம் பதியலாம். ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்று தரப்பும் உட்கார்ந்து முடிப்பதுதான் பாதுகாப்பு. கடன் தீர்ந்து 30 நாளுக்குள் வங்கி பத்திரத்தைத் தராவிட்டால், தாமதம் வங்கியுடையதாக இருக்கும் பட்சத்தில், நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணமும் கிடையாது.

60 நாள் கடந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் வங்கி 13(4) பிரிவுக்குப் போகும். வாசலில் 'சுவாதீன அறிவிப்பு' ஒட்டுவார்கள், 7 நாளுக்குள் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் இன்னொரு பத்திரிகையிலும் விளம்பரம் வரும். நீங்கள் வீட்டுக்குள்தான் இருப்பீர்கள், காகிதத்தில் மட்டும் சுவாதீனம் வங்கிக்குப் போயிருக்கும். பேப்பரில் வந்ததைச் சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டார்களே என்று வீடே இடிந்துபோய் உட்காரும் நாள் அது. ஆனால் 45 நாள் கெடு ஓடத் தொடங்குவதும் அன்றைக்குத்தான். இதற்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவு மனுப் போடலாம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிக்கு மதுரைத் தீர்ப்பாயம். பூட்டு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், காகிதச் சுவாதீனத்தையே எதிர்த்து மனுப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. நம் ஊர் சிவில் கோர்ட்டில் தடையாணை வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சிவில் கோர்ட்டுக்கு இந்த விஷயத்தில் அதிகாரம் இல்லை என்று சட்டத்தின் 34ஆம் பிரிவே சொல்கிறது. அங்கே போய் வாய்தா வாங்கிக்கொண்டு இருக்கையில் இங்கே 45 நாள் கரைந்துவிடும்.

தீர்ப்பாயக் கட்டணம் பயப்படும் அளவுக்கு இல்லை. கடன் தொகை 10 லட்சத்துக்குக் கீழே என்றால் ஒவ்வொரு லட்சத்துக்கும் 500 ரூபாய். அதற்கு மேல் 5,000 ரூபாயும், 10 லட்சத்தைத் தாண்டும் ஒவ்வொரு லட்சத்துக்கோ அதன் பகுதிக்கோ 250 ரூபாயும். உங்கள் 18 லட்சத்து 40 ஆயிரத்துக்கு 7,250 ரூபாய் வரும். வக்கீல் கட்டணம் தனி. கடன் கஷ்டத்தைச் சொல்லி அழுவதால் தீர்ப்பாயம் நடவடிக்கையை ரத்து செய்யாது, வங்கி எந்த விதியை மீறியது என்றுதான் பார்க்கும். ஆட்சேபணைக்குப் பதில் தந்தார்களா, பத்திரிகை விளம்பரம் முறைப்படி வந்ததா, மதிப்பீடு சரியா, ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் கொடுத்தார்களா என்று இப்படி. இடைக்காலத் தடை கிடைத்தாலும் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனை வரும். கையில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் தடை வாங்கப் போகிறவர் இதை எண்ணிக்கொண்டு போக வேண்டும். நிபந்தனைத் தேதி தவறினால் தடை தானாக நீங்கிவிடும் என்றுதான் உத்தரவுகள் பெரும்பாலும் இருக்கும்.

சில சொத்துகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. கடன் பாக்கி ஒரு லட்சத்துக்கு மேற்படாவிட்டால் பொருந்தாது. பெரும்பகுதி கட்டி முடித்து, பாக்கி அசல், வட்டியில் 20 சதவீதத்துக்கும் குறைவு என்றாலும் பொருந்தாது. விவசாய நிலத்தை அடமானம் வைத்திருந்தாலும் பொருந்தாது. நம் பக்கம் தாமிரபரணிப் பாசன நஞ்சையை வைத்துக் கடன் வாங்கியவர்கள் இந்தக் கடைசி விலக்கைக் கேட்பதுண்டு. பட்டாவில் நஞ்சை என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. உண்மையில் பயிர் நடக்கிறது என்று அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) முதலானவற்றைக் கொண்டு காட்ட வேண்டியது கடன்தாரரின் பொறுப்பு. நஞ்சையைத் திருத்தி வீடு கட்டிவிட்டு விவசாய நிலம் என்றால் யார் ஏற்பார்கள்? விலக்கு கிடைத்தாலும் கடன் நீங்காது, வங்கி வழக்கமான வழக்கு வழியில் வரும்.

வீட்டைப் பூட்டும் படி 14ஆம் பிரிவில் இருக்கிறது. கலெக்டருக்கோ தலைமைக் குற்றவியல் நடுவருக்கோ வங்கி மனுச் செய்யும். உத்தரவு வந்தால் வருவாய்த் துறையினரோ வக்கீல் கமிஷனரோ போலீஸோடு வருவார்கள். சொத்து இருக்கும் மாவட்டம்தான் கணக்கு, சங்கரன்கோவில் வீட்டுக்குத் தென்காசிக் கலெக்டர், பாளையங்கோட்டை வீட்டுக்குக் கொக்கிரகுளத்தில் இருக்கும் திருநெல்வேலிக் கலெக்டர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளத்துக்குப் போய் வீட்டுக் கடனுக்காக மனுக் கொடுக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. கடன் சரியா, தொகை சரியா என்று விசாரிக்கும் அதிகாரம் அந்தப் பிரிவில் கலெக்டருக்கு இல்லை, சுவாதீனம் எடுக்க வங்கிக்கு உதவுவதுதான் அவர் வேலை. அந்த மனுவால் ஆகக்கூடியது, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கு அது அனுப்பப்பட்டு அவர் கிளையோடு பேசுவது. அந்த அளவுக்கு அது நல்லதுதான், அதை நம்பி 45 நாளை விடக் கூடாது.

ஏலத்துக்கு முன் வங்கி மதிப்பீட்டாளரை வைத்து ஆரம்ப விலை வைக்க வேண்டும். கடன்தாரருக்கு 30 நாள் விற்பனை நோட்டீஸ் தர வேண்டும். ஏல விளம்பரம் வெளியாகும் நாளை இந்த நடைமுறை முழுவதிலும் மிக முக்கியமான நாளாக நான் கருதுகிறேன். அதற்கு முந்தைய நாள் வரை முழுப் பாக்கியையும் செலவோடு கட்டி வீட்டை மீட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளம்பரம் வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். 2016 திருத்தத்துக்கு முன் விற்பனை நாள் வரை இருந்த உரிமை இது, இன்னும் பழைய நினைவில் ஏலத்தன்று காலையில் பணத்தோடு வருகிறவர்கள் உண்டு. 2023இல் உச்ச நீதிமன்றமும் விளம்பரத் தேதிதான் எல்லை என்று உறுதி செய்துவிட்டது. வீடு விற்ற பணத்தில் கடனும் செலவும் போக மிஞ்சுவது உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

ஓடிஎஸ் எனப்படும் ஒரே முறைத் தீர்வைப் பற்றிப் பலர் கேட்பார்கள். வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளி ஒரே தொகையாகக் கட்டச் சொல்வது இது. ஆனால் இதை உரிமையாகக் கேட்க முடியாது. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. உங்கள் வீடு போல விற்றால் கடன் முழுவதும் தேறும் சொத்து இருக்கையில் வங்கி பெரிதாக இறங்கி வராது. கிடைத்தாலும் சிபிலில் முழுதாகக் கட்டியவர் என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். அடுத்த கடனுக்கு அது தடை. ஓடிஎஸ் பேச ஏற்ற இடம் மக்கள் நீதிமன்றம். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே எடுப்பார்கள். அங்கே கையெழுத்தானது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்ட முடியாத தேதிக்கு ஒப்புக்கொண்டு வந்துவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத் திறனாளிகளுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீலும் அதே ஆணைக்குழுவில் கிடைக்கும். தொலைபேசி 15100.

வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது, அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி மானத்தை வாங்கக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம், விவரத்துக்கு 14448. கடன் கொடுத்தது வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டு வசதி வங்கியின் புகார்த் தளத்துக்குப் போக வேண்டும். புகார் போட்டதால் 45 நாள் கெடு நிற்காது.

அந்த 90 ஆயிரத்தை எங்கே திரட்டுவது என்பதுதான் மிச்சம். நகையை வங்கியில் அடகு வைக்கலாம். அண்ணனுக்கோ அப்பாவுக்கோ பிஎஃப் கணக்கு இருந்தால் வீட்டுக் கடனுக்காக எடுக்க முடியுமா என்று பார்க்கலாம். கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி என்றால் 90 ஆயிரத்துக்கு மாதம் 9,000, உங்கள் வீட்டுத் தவணையில் சரிபாதி. அதைக் கட்டிக்கொண்டு தவணையையும் எப்படிக் கட்டுவீர்கள்? அதிலும் 'ஈட்டுக்குத்தான்' என்று சொல்லி வெற்றுப் பத்திரத்திலோ கிரயப் பத்திரத்திலோ பவரிலோ கையெழுத்துக் கேட்பார்கள். வங்கிக்கு இருக்கும் 60 நாள், 45 நாள் எதுவும் அங்கே கிடையாது. 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்து இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். அப்பா ரொம்ப உடைந்துபோய் இருந்தால் மனநல உதவி எண் 14416க்கு அழைத்துப் பேச வையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், இலவசம்.

கடன் வாங்கும்போது தவணையோடு காப்பீடு ஒன்றும் பிடித்திருப்பார்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது. கடன் கோப்பில் பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் மரணத்துக்கு மட்டும்தான் பணம் தருவார்கள், சிலதில் வேலை இழப்புக்கும் சில மாதத் தவணை உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் பொருந்துமா என்பது பாலிசியைப் படித்தால் தெரியும்.

நிலுவையைக் கட்டி முடித்த அன்றே இரண்டு காகிதம் வாங்கிவிடுங்கள்: கணக்கு ஒழுங்கானது என்று ஒன்று, இன்ன தேதி நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது என்று ஒன்று. கிளையில் பணத்தை வாங்கிக்கொண்டு, மண்டல அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் விட்டதால் சுவாதீன விளம்பரம் பத்திரிகையில் வந்துவிடுவது உண்டு. அந்தக் காகிதம் கையில் இருந்தால் மறுநாளே அதை நிறுத்தலாம்.